நன்மை வாங்காத ஞாயிறுகள்

எங்கள் மாதா கோயிலில் பூசையின் நடுவே நன்மை வாங்குகிற நேரம் ஒன்று வரும். புத்தகத்தில் நற்கருணை என்று போட்டிருக்கும். சாமியார் கையால் வாங்கும் அந்த மெல்லிய அப்பத்துக்கு எங்கள் வீடுகளில் நன்மை என்றுதான் பேர். வரிசை வரிசையாக எழுந்து எல்லாரும் பீடத்துக்குப் போவார்கள். மனதில் கனத்த பாவம் வைத்திருப்பவர் வாங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் எழுந்திருக்காமல் இருப்பவர் யார் என்று பார்ப்பதுதான் அந்த நேரத்தில் சபையின் முழுநேர வேலை. ஒருவர் முழங்காலை ஒதுக்கிப் பக்கத்தில் இருப்பவருக்கு வழிவிட்டால் போதும், அடுத்த ஞாயிறுக்குள் காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். நாத்தனாரோடு சண்டை, ரிஜிஸ்டர் கல்யாணம், ஒன்றுமே இல்லையென்றால், நன்மைக்கு முன் வெறும் வயிறாக இருக்க வேண்டிய ஒரு மணி நேரத்தில் நாசி லெமாக் சோறு தின்றுவிட்டான் என்றாவது சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

என் தம்பி போஸ்னியாவிலிருந்து திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு, நான் எழுந்தேன். அவன் எழவில்லை. முழங்காலை ஒதுக்கி எனக்கு வழிவிட்டான்.

சின்ன வயதில் முதன்முதலாகப் புது நன்மை வாங்கிய நாளிலிருந்து அவன் ஒரு பூசையில்கூட அந்த நேரத்தில் எழாமல் உட்கார்ந்தது கிடையாது. அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் நான். ஒன்று பேசினால் ஒன்பது பேசுவேன், அதனால்தான் எனக்குக் கல்யாணமாகவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் அன்று பூசை முடியும் வரை பொறுத்தேன். நன்மையை வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் மறுபடி முழங்காலை ஒதுக்கினான். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டேன்.

“காலையில ரொட்டி கிட்டி தின்னியா?”

“இல்லக்கா.”

அவ்வளவுதான் பதில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டான். எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் அவன் புறப்பட்ட நாட்களுக்குப் போக வேண்டும்.

*

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. போஸ்னியாவில் சண்டை. தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருந்த முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பிரிந்து நின்று, மலைமேல் பீரங்கி ஏற்றிக் கீழே ஊர்மேல் குண்டு போடுவதை இரவு எட்டு மணிச் செய்தியில் காட்டுவார்கள். நம் மலேசியாவிலிருந்து நீலத் தொப்பி போட்ட அமைதிப் படை போயிற்று. என் தம்பி ராணுவத்தில் கவச வண்டியின் மேல் துப்பாக்கிக்குப் பின்னால் உட்காருகிறவன். அவன் பேரும் வந்துவிட்டது.

நாங்கள் பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில். பினாங்குத் தீவில், பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததும் ஃபெர்ரியில் அலைவதை விட்டுவிட்டு, ஆயர் ஈத்தாம் போகும் வழியில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஒற்றை அறை வீடு ஒன்று எடுத்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பாய்கள் சுட்டுப் பழகிய மைதானமாம் அது. பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. லீவுக்கு வரும்போதெல்லாம் தம்பி, “கேம்ப்ல இருந்து கேம்புக்குத்தான் வர்றேன்” என்று கிண்டல் செய்வான்.

புறப்படும் முன் வந்த லீவில் கிண்டல் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“அக்கா, அங்க மேல இருந்து சுடுறவனுங்க கழுத்துல சிலுவை போட்டிருப்பானுங்களாம். செபமாலையும் போட்டிருப்பானுங்களாம். நான் சுட வேண்டி வந்தா?”

“சோறு திங்கிறப்ப கேக்குற கேள்வியாடா இது?” என்று எரிந்து விழுந்தேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அவனுக்கும் அது தெரியும். அதனால் மறுபடி கேட்டான்.

மறுநாள் சாயந்தரம் அவனைச் சாமியாரிடம் அழைத்துப் போனேன். எங்கள் பங்குச் சாமியார் மெல்லப் பேசுகிறவர். எதைச் சொன்னாலும் விரலை மடக்கி எண்ணிச் சொல்வார். போர் என்பது என்றைக்கும் துக்கம்தான், ஆனாலும் சில நேரம் நியாயமாக இருக்கலாம் என்று திருச்சபை சொல்கிறது என்று ஆரம்பித்தார். அதற்கு அதிகாரம் உள்ளவர்களின் உத்தரவு வேண்டும். ஒரு விரல். அப்பாவியைக் காப்பாற்றுவது போல் நியாயமான காரணம் வேண்டும். இன்னொன்று. வேறு வழியே இல்லை என்று ஆகியிருக்க வேண்டும். மூன்றாவது விரல். நாலாவது விரலை மடக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இது ரொம்ப முக்கியம் தம்பி. மனசு சுத்தமா இருக்கணும். பகையோட, வெறியோட செய்யக் கூடாது. எதிரியக்கூட நேசிக்கணும்னு ஆண்டவர் சொல்லியிருக்காரு. நேசத்தோட தடுக்கலாம். வெறியோட கொன்னா அது கொலை.”

தம்பி மேசைக்கு அடியில் தன் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

வெளியே வரும்போது சாமியார் சாதாரணப் பேச்சாக இன்னொன்றும் சொன்னார். ஆதிக் காலத்தில் நியாயமான போரில் கொன்றுவிட்டு வந்த சிப்பாயையும் திருச்சபை சும்மா விட்டதில்லையாம். கை கறை பட்டது பட்டதுதான், கொஞ்ச காலம் நன்மை வாங்காமல் தள்ளி இரு என்று சில ஆயர்கள் சொல்வார்களாம். இப்போது அந்த வழக்கம் கிடையாது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்துவிட்டேன். சொன்னதை மறக்கவில்லை.

*

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரர் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி. நான் அவரை நானா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் மனைவியை அக்கா என்பேன். நல்ல மனிதர்தான், ஆனால் தொட்டால் சுருங்கி. அந்த வருஷம் போஸ்னியா செய்தி பார்த்துப் பார்த்து அவர் தூக்கத்தையே தொலைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தால், குத்பா பிரசங்கத்தில் கேட்டதை நடைபாதையில் நின்று இன்னொரு தரம் ஓதுவார். தம்பியின் லீவு முடியும் முன் ஒருநாள் சத்தமாகச் சொன்னார்.

“சிலுவைய மாட்டிக்கிட்டுத்தான் லா பச்சப் புள்ளைங்கள வெட்டுறானுங்க.”

நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“நானா, என் கழுத்துலயும்தான் சிலுவ இருக்கு. நான் யார வெட்டுனேன்? உங்க ஆளுங்களக் காப்பாத்தப் போறது யாரு தெரியுமா? என் வீட்டுல வளந்த புள்ள.”

அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். நானாவின் முகம் சுண்டிப்போயிற்று. தம்பி போகிற விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரியும். அன்று பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுததும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தேநீர் கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்குத்தான் அவரும் தம்பியும் அதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். இஸ்லாத்தில் போருக்கு எத்தனை வேலி போட்டிருக்கிறது என்று நானா சொன்னார். பெண்களைத் தொடக்கூடாது, பிள்ளைகளைத் தொடக்கூடாது, கிழவர்களைத் தொடக்கூடாது, பழ மரத்தை வெட்டக் கூடாது, மடத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிற துறவிகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். சாமியாரின் நாலு விரல்களைத் தம்பி அவருக்குச் சொன்னான். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

“நீங்களும் கூடாதுங்கிறீங்க, நாங்களும் கூடாதுங்கிறோம். அப்ப அங்க சுடுறது யாரு?” என்றேன். அக்கா சிரித்துவிட்டார். ஆண்கள் இருவரும் சிரிக்கவில்லை.

நாலாவது விரலைக் கேட்டதும் நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது எங்கள்லயும் இருக்கு தம்பி. நிய்யத்து. எண்ணம் சுத்தமா இருக்கணும்” என்று சொல்லி ஒரு கதை சொன்னார். நபிகளின் மருமகன் ஒரு போரில் எதிரியைக் கீழே தள்ளி நெஞ்சின்மேல் உட்கார்ந்துவிட்டார். வாளை ஓங்குகிறார். கீழே கிடந்தவன் அவர் முகத்தில் துப்பிவிட்டான். அவர் வாளைத் தாழ்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, இதுவரை இறைவனுக்காகச் சண்டை போட்டேன், அவன் துப்பியதும் எனக்குச் சொந்தக் கோபம் வந்துவிட்டது, இனி வெட்டினால் அது என் கோபத்துக்கு வெட்டியதாகிவிடும் என்றாராம்.

சொல்லும்போது நானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. எவ்வளவு பெரிய மனசு என்று இரண்டு வீடும் சேர்ந்து வியந்தோம். தம்பி தேநீர்க் கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். புறப்படும் அன்று அக்கா மீன் கறி மசாலாவும் நெத்திலிச் சம்பலும் கட்டிக் கொடுத்தார். நான் அம்மாவின் செபமாலையை அவன் கழுத்தில் போட்டு, கழற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

*

அந்த வருஷம் முழுக்க என் காது லிஃப்டில்தான் இருந்தது. எங்கள் மாடியில் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் படுக்கை வரை கேட்கும். கதவு திறந்ததும் காலடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். பூட்ஸ் சத்தமா, செருப்புச் சத்தமா? ராணுவத்தில் கெட்ட செய்தியைத் தபாலில் அனுப்ப மாட்டார்கள், ஆளாக வந்து சொல்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருநாள் மின்சார மீட்டர் பார்க்க வந்த பையன் தடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

தினமும் செபமாலை சொல்வேன். கடைசியில் ஒரே வேண்டுதல்தான். ஆண்டவரே, என் தம்பி உயிரோடு வரணும், யாரையும் கொல்லாமல் வரணும். முதல் பாதியை எந்த அக்காளும் கேட்பாள். இரண்டாம் பாதிக்குத்தான் நான் அதிகம் அழுதேன். இந்தக் கையில் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை, ஒரு தாய் பெற்ற பிள்ளையைச் சாய்த்துவிட்டு வந்து என் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவான் என்றால் நான் எப்படிப் பரிமாறுவேன்? அந்தப் பயம் எனக்கு. புக்கிட் மெர்தாஜாமில் ஜூலை மாதம் நடக்கும், மாதாவின் தாய் அன்னம்மாளின் திருவிழாவுக்கு நேர்ச்சையும் வைத்தேன். அவன் உயிரோடு, கொலை செய்யாமல் வந்தால் அவன் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்று.

எப்போதாவது டெலிபோன் வரும். அவன் பேசுவது ஒரு மூச்சு தாமதமாகத்தான் கேட்கும், நான் பேசியது எனக்கே திரும்பி வரும். பனியைப் பற்றிச் சொல்வான். வண்டியைக் கண்டதும் பிள்ளைகள் மலேசியா மலேசியா என்று கத்திக்கொண்டு ஓடிவருவதைச் சொல்வான். மலேசியாக்காரன் என்றால் முஸ்லிம்தான் என்று ஊரார் நினைத்துக்கொண்டு சலாம் சொல்கிறார்களாம், இவனும் பினாங்குப் பிள்ளைதானே, சரளமாகப் பதில் சலாம் சொல்கிறானாம். ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அக்கா, செபமாலைய கழட்டி பாக்கெட்டுல வச்சிருக்கேன். ஒரு பாட்டி அதப் பாத்துட்டு பின்னாலயே போயிட்டாங்க. மேல இருக்குறவனுங்க போட்டிருக்குற மாதிரியே இருக்குல்ல.”

சத்தியத்தை மீறிவிட்டானே என்று போனிலேயே திட்டினேன். எங்கள் வாசலுக்கு வந்திருந்த நானா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். போனை வைத்ததும், “பாவம் தங்கச்சி, திட்டாத. பாக்கெட்டுல இருந்தா மட்டும் மாதா பாக்க மாட்டாங்களா?” என்றார். மாதா என்று அவர் வாயில் வந்ததைக் கேட்டு எனக்குக் கோபம் போய்விட்டது.

*

உயிரோடு வந்தான். மாலை போட்டோம், அக்கா பிரியாணி ஆக்கினார். ஆனால் வந்தவன் பழைய ஆள் இல்லை. எங்கள் நடைபாதை ஒரு பக்கம் திறந்திருக்கும், நேர் எதிரே மலை. அந்தக் காற்றுக்காகத்தான் எல்லாரும் நாற்காலியை வெளியே போட்டு உட்காருவோம். அவன் தூணுக்குப் பின்னால்தான் நிற்பான். மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஜன்னலைத் திறந்தால் எழுந்துபோய்ச் சாத்துவான்.

பிறகு அந்த ஞாயிறு. அடுத்த ஞாயிறு. அதற்கடுத்த ஞாயிறும். சாமியார் சிரித்துக்கொண்டே சொன்ன பழைய வழக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது. கொன்றுவிட்டு வந்தவன் கொஞ்ச காலம் நன்மை வாங்காமல் தள்ளி இருக்க வேண்டும். தம்பியும் அதைக் கேட்டவன்தான். அப்படியானால் கொன்றிருக்கிறான். யாரை? எத்தனை பேரை? சோறு போடும்போதெல்லாம் அவன் விரல்களைப் பார்ப்பேன். அவன் நிமிர்ந்தால் சட்டென்று குழம்புச் சட்டியைப் பார்ப்பேன். நானே வளர்த்த பிள்ளைக்கு நானே பயந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பயந்தேன்.

பொறுக்க முடியாமல் சாமியாரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அம்மா, அவன் எங்கிட்ட வந்தான். பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டான். ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க.”

மன்னித்தாயிற்று என்றால் நன்மை வாங்கலாம். ஆனால் அவன் வாங்கவில்லை. கடவுள் மன்னித்தும் இவன் ஏற்றுக்கொள்ளாத பாவம் எப்பேர்ப்பட்டதாக இருக்கும் என்று எனக்குப் பயம் இன்னும் கூடியது. நேர்ச்சை நினைவுக்கு வந்தது. கொல்லாமல் வந்தால் என்றுதானே வேண்டினேன்? கேட்டது கிடைக்கவில்லை, மெழுகுதிரியும் வேண்டாம் என்று மாதாவின் தாயோடு மனதுக்குள் சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

*

அக்காவின் குழம்புச் சட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் மாடியில் எழுதாத சட்டம். ஒரு சாயந்தரம் கொஞ்சம் பாயசம் ஊற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன தம்பி அங்கே தரையில் உட்கார்ந்திருந்தான். எதிரே தொழுகை விரிப்பைக்கூட மடிக்காமல் நானா. அக்கா சுவரோரம். என்னைப் பார்த்தும் தம்பி பேச்சை நிறுத்தவில்லை. சட்டியைக் கையில் வைத்தபடியே நானும் உட்கார்ந்தேன்.

ஒரு கிழவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். இவர்கள் வண்டி நிற்கும் சாலை வளைவில் தினமும் ஒற்றைச் சக்கர வண்டியில் விறகு தள்ளிக்கொண்டு போவாராம். சலாம் சொல்வாராம். இவன் பதில் சொல்வானாம். ஒருநாள் சட்டைப் பையிலிருந்து காய்ந்த ப்ளம் பழம் எடுத்துக் கொடுத்தாராம்.

“அன்னைக்கி மேல இருந்து சுட்டுட்டான் நானா. மொத குண்டு கால்ல. விழுந்துட்டாரு. கூரை இல்லாத வீடு ஒண்ணு, அதோட ஜன்னல்ல இருந்து சுட்டான். நான் பாத்துட்டேன். என் துப்பாக்கி அங்கதான் பாத்துக்கிட்டு இருக்கு. சுடுன்னு காதுல உத்தரவும் வந்துருச்சு.”

நிறுத்தினான். கையை நீட்டி விரலைப் பார்த்தான்.

“உத்தரவு இருக்கு. காரணம் இருக்கு. வேற வழி இல்ல. மூணு விரலு மடங்கிருச்சு. நாலாவது மடங்கல. ஏன்னா எனக்கு அப்ப அவன் மேல வெறி நானா. அப்படி ஒரு வெறி. அவனக் கிழிச்சுப் போடணும்னு இருந்துச்சு. வெறியோட கொன்னா கொலைன்னு ஃபாதர் சொன்னாரே. துப்புனதும் வாளத் தாழ்த்துனாருன்னு நீங்க சொன்னீங்களே. வெறி அடங்கட்டும், அப்பறம் சுடுவோம்னு இருந்தேன். கொஞ்ச நேரம்தான். மூச்ச இழுத்து விட்டேன். அதுக்குள்ள ரெண்டாவது குண்டு வந்துருச்சு.”

பாயசச் சட்டியின் சூடு என் மடியில் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவில்லை. இவன் யாரையும் கொல்லவில்லை. என் நெஞ்சில் ஒரு கணம் அப்பாடா என்று இருந்தது உண்மை. அடுத்த கணமே அந்த அப்பாடா எனக்கே கசந்தது.

“அதுக்கப்பறம் நான் சுட்டேன். ஜன்னல்ல யாருமில்ல. ஃபாதர் இது பாவமே இல்லங்கிறாரு, மன்னிச்சாச்சுங்கிறாரு. அவரு எங்க ஆளு நானா. அந்தத் தாத்தா உங்க ஆளு. நீங்க சொல்லுங்க. நீங்க மன்னிப்பீங்களா?”

நானா தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? கடைசியில் உடைந்த குரலில் சொன்னார்.

“அது என் ஹக்கு இல்ல தம்பி, எனக்கு அந்த உரிமை இல்ல. அல்லாவுக்கு செஞ்ச பாவத்த அல்லா மன்னிப்பான். மனுஷனுக்கு செஞ்சத அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். அவருக்குப் பதிலா நான் சொல்ல முடியாது. பொய் சொல்லி உன்ன அனுப்ப மாட்டேன்.”

தம்பி தலையாட்டினான். நான் எதிர்பார்த்தது போல் அவன் நொறுங்கவில்லை. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவன் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அவன் சொன்னதை அதன் முழு எடையோடு ஒருவர் எடுத்துக்கொண்டார் என்பது அவனுக்குப் போதுமாக இருந்ததோ என்னவோ.

“அந்தக் கதைய நான்தான சொன்னேன்” என்றார் நானா. அதற்கு மேல் அவரால் முடியவில்லை, அழுதுவிட்டார்.

“கதை நல்ல கதைதான் நானா” என்றான் தம்பி.

அக்காதான் முதலில் எழுந்தார். “அவரு பேரு தெரியுமா தம்பி?” என்று கேட்டார். தெரியாது என்றான். பேர் இல்லாவிட்டால் என்ன, படைத்தவனுக்குத் தெரியும் என்று சொல்லி அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். செத்துப்போன அந்தக் கிழவருக்காக நானா கையேந்திப் பாத்திஹா ஓதினார். முடிந்ததும் அவர்கள் ஆமீன் என்றார்கள். தம்பி ஆமென் என்று சிலுவை போட்டுக்கொண்டான். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

*

அவன் யாரையும் கொல்லவில்லை என்றால் நேர்ச்சை நேர்ச்சைதான். செலுத்தாமல் விட்டால் சாமிகுத்தம் என்று அம்மா சொல்வாள், கிறிஸ்தவ வேதக்காரியாக இருந்தும் அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. அந்த ஜூலையில் ஃபெர்ரி ஏறி, பஸ் பிடித்து, புக்கிட் மெர்தாஜாம் போனோம். எங்கள் ஆட்கள், சீனர்கள், இந்துக்கள் என்று எப்போதும் போலக் கூட்டம். தன் உயரத்து மெழுகுதிரியைத் தம்பியே தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நடக்க எனக்குச் சகிக்கவில்லை.

மெழுகுதிரி மேடையில் தீப்பெட்டியை எடுத்தேன். நேர்ச்சை செலுத்தும்போது நன்றி சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்ததற்கு நன்றி. உயிரோடு வந்தான், கொல்லாமல் வந்தான். ஒரு வருஷம் முழுக்க அழுது நான் கேட்டது எழுத்துக்கு எழுத்து கிடைத்திருக்கிறது. சாமியார் ஒரு விரலைக் கொடுத்தார், நானா ஒரு கதையைக் கொடுத்தார், நான் ஒரு செபத்தைக் கொடுத்தேன். மூன்றும் நல்லது. அந்த மூன்றையும் சுமந்துகொண்டு அவன் துப்பாக்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். தீக்குச்சியை உரசிவிட்டு அது என் விரலைச் சுடும் வரை நின்றேன்.

“நன்றின்னு சொல்லாதக்கா” என்றான் தம்பி, என் மனதைப் படித்தவன் போல. “அந்தத் தாத்தாவுக்குன்னு சொல்லி ஏத்து.”

“பேரு?”

“பேரில்லாமத்தான்.”

இன்னொரு குச்சி உரசி ஏற்றினேன். திரி பிடித்துக்கொள்ள நேரமாயிற்று. காற்று வேறு. அவன் கையைக் குவித்து மறைத்துக்கொண்டு நின்றான்.

பூசையில் நன்மை நேரம் வந்தது. எங்கள் வரிசை எழுந்தது. தம்பி முழங்காலை ஒதுக்கி எனக்கு வழிவிட்டான். நான் எழுந்திருக்கவில்லை. எங்கள் பங்கிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள் எங்கள் முழங்காலைத் தாண்டிப் போகும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறுக்குள் காரணம் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்கட்டும்.

“நீ ஏங்க்கா உக்காந்திருக்க?” என்று மெதுவாகக் கேட்டான்.

அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நாலாவது விரல் நீண்டே இருந்தது. இனி ஆண்டவரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் நன்மை வாங்கித் திரும்பி வரும் வரை நாங்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.